பத்துப் பொத்தான்களும் முப்பத்தேழாம் காம்பராவும்

சென்ற வாரம் உங்களில் ஒருத்தி மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, மெஷின் கெட்டுப்போச்சு போல. நேத்துக் குடுத்த அதே நம்பருங்களத்தான் இன்னைக்கும் குடுக்குது!"

நான் சிரித்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. அடுத்த மாதம் நான் மேற்படிப்புக்காக இந்த அலுவலகத்தை விட்டுப் போகிறேன். அதற்கு முன்னால், அந்தச் சிரிப்புக்கு ஈடாக இதை உங்கள் இருவருக்கும் எழுதிவைக்கிறேன்.

மெஷின் கெடவில்லை. நம் அலுவலகத்துக்குப் போன வருடம் வந்த அந்தக் கணனி, ஆய்வுகளுக்கு வீடுகளைத் தெரிந்தெடுக்க நாம் கேட்கும் எண்களைக் குலுக்கி எடுப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் தருகிறது. காகிதத்தில் நீங்களே செய்து பாருங்கள். ஏழில் தொடங்குங்கள். அதை இருபத்தொன்றால் பெருக்கிப் பதினேழைக் கூட்டினால் 164. கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 64. அதையும் அப்படியே பெருக்கிக் கூட்டி வெட்டுங்கள்: 61. பிறகு 98, 75, 92. எங்கெங்கோ தாவுவதுபோல் இருக்கும். ஆனால் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 7, 4, 1, 8, 5, 2. ஒவ்வொரு தடவையும் மூன்று குறைகிறது. குறைக்க முடியாதபோது பத்தைச் சேர்த்துக்கொண்டு குறைகிறது. கணனி இதைவிட மிகப் பெரிய எண்களை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்வதால் ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே எண்ணில் தொடங்கினால் ஒரே வரிசைதான் வரும். தொடக்க எண்ணை மாற்றினால் வேறு வரிசை. தொடக்க எண்ணைக் குறித்துவைத்தால் நம் வேலையை இன்னொருவர் சரிபார்க்கவும் முடியும். ஆகவே அதை எப்போதும் எழுதிவையுங்கள்.

எழுமாற்று எண் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதித்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. முன்னால் வந்தது பின்னால் வரப்போவதைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. நானும் அப்படித்தான் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்தது லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக்களத்தில், கணனி வராத காலத்தில், வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம்.

அது நான் பிறந்த தோட்டம். என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காக என் அக்கா மாரியாயி பதின்மூன்று வயதில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். இன்றைக்கும் தன் பெயரைப் பார்த்தால் அவளுக்குப் படம் மாதிரித்தான் தெரியும். எண்கள் மட்டும் தெரியும். தராசடியில் நின்று நின்று கற்றுக்கொண்டது.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சோகை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். அக்காவின் மகளுக்கு நான்கு வயது. சுவரில் பூசிய மண்ணைச் சுரண்டித் தின்பாள். பதுளையிலிருந்து ஒரு டாக்டர் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் இருந்தது இருபது வீடுகளுக்குத்தான். நல்ல பலன் தெரிந்தால் எல்லோருக்கும் கேட்டு வாங்கலாம் என்றார். வரிசை வீடுகளான பத்து லயங்களில் மொத்தம் தொண்ணூற்றெட்டுக் காம்பராக்கள்; ஓர் அறைக்கு ஒன்றாகத் தொண்ணூற்றெட்டுக் குடும்பங்கள். எந்த இருபது என்பதை எழுமாற்று எண்களால் தீர்மானிக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று யாராவது பார்த்து எடுத்தால் பிறகு ஒப்பிட்டுச் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். திங்கட்கிழமை காலை மருந்தோடு ஜீப் வரும். பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அதுதான் என் வேலை.

அக்காவின் காம்பரா முப்பத்தேழு.

சனிக்கிழமை பஸ்ஸில் பசறை தாண்டியதும் கோப்பைத் திறந்தேன். எழுமாற்று எண்களை அச்சிட்ட அட்டவணை அதில் இல்லை. நான் எடுத்துவந்திருந்தது லீவு விண்ணப்பக் கோப்பு. எங்கள் பிரிவுத் தலைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். திரும்பிப் போனால் அன்று மறுபடி வர பஸ் இல்லை.

வெளியே மலை முழுதும் வெள்ளையாக இருந்தது. பஸ் நகர்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. தேயிலைச் செடிகள்தாம் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போயின. அந்த மயக்கத்தில், அட்டவணை எதற்கு, நானே எழுதிவிடுகிறேன் என்று தோன்றியது. மனத்தில் வந்த வரிசையில் இருபது எண்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எழுதி முடித்துவிட்டு வாசித்தேன். பத்து, இருபது, முப்பது என்று பூச்சியத்தில் முடிவது ஒன்றுகூட இல்லை. பதினொன்று, இருபத்திரண்டு மாதிரி ஒரே இலக்கம் இரண்டு தடவை வரும் எண்ணும் இல்லை. முப்பத்தாறு இருந்தது, முப்பத்தெட்டு இருந்தது. முப்பத்தேழு இல்லை. நான் நேர்மையான பெண் என்று என் கை எனக்கே காட்டிக்கொண்டிருந்தது. தாளைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

வேறு எதிலிருந்து எண் எடுக்கலாம்? பஸ் டிக்கெட் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். கொழுந்து எடையின் கடைசி இலக்கம் நல்லதாகத் தோன்றியது. ஆனால் தராசடியில் கூடைக்கென்று கழித்து, ஐந்திலோ பூச்சியத்திலோ நிறுத்தி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். லுணுகலையில் இறங்கி, அக்கா வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்; என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்.

"ஒரே அளவுல, ஒரே எடையில பத்துப் பொத்தான் வேணும் நானா."

"கோட்டுத் தைக்கப் போறீங்களா மகள்? மாப்பிள்ளை பாத்தாச்சா?"

"குலுக்கல் போடப் போறேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர். சைபர்லருந்து ஒம்பது வரைக்கும்."

அவர் பெரிய கறுப்புப் பொத்தான்களாகப் பத்தைப் பொறுக்கித் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "மையால எழுதினா வேர்வையில அழிஞ்சிரும். பொறுங்க." ஊசி முனையால் ஒவ்வொன்றிலும் எண்ணை ஆழமாகக் கீறினார். வாயில் வெற்றிலை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்த அழகில் நான் மயங்கி நின்றேன். ஒரு சுருக்குப் பையையும் தந்தார். அந்தக் கீறலில் என்ன இருக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடினார்கள். நான் முறையைச் சொன்னேன். பைக்குள் கைவிட்டு ஒரு பொத்தான். அது முதல் இலக்கம். திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொன்று. அது இரண்டாம் இலக்கம். தொண்ணூற்றொன்பதும் இரண்டு பூச்சியமும் வந்தால் விட்டுவிட வேண்டும். வந்த எண்ணே மறுபடி வந்தாலும் விட்டுவிட வேண்டும்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். "ராணி நம்ம புள்ளதான். ஆனா அவ அக்கா இங்கதான இருக்கா. படிச்சவங்க யாரும் பையில கைய வெக்க வேணாம். எங்க பொம்பளைங்க ஆளுக்கொரு தடவ எடுக்கட்டும்."

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. பெண்கள் வரிசையாக வந்தார்கள். பதினோரு எண்கள் எழுதியாயிற்று. பன்னிரண்டாவதாக அக்கா வந்தாள்.

மூடுபனி களத்தின் ஓரம்வரை ஏறி வந்திருந்தது. பின்வரிசையில் நின்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அக்கா எடுத்த முதல் பொத்தான் மூன்று. யாரோ, "அடுத்தது ஏழு போடு மாரியாயி, ஒன் தங்கச்சி கண்ண மூடிக்குவா!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையை உள்ளே விட்டாள். மெல்லிய துணிப்பை, வெளியிலிருந்தே அவள் கை தெரிந்தது. விரல்கள் நகர்ந்தன, நின்றன, மூடின. பிறகு திறந்தன. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி மூடின.

வெளியே வந்தது நான்கு.

"முப்பத்திநாலு!"

முப்பத்துநான்காம் காம்பரா பவளத்துடையது. அவளுடைய ஆறு வயது மகனுக்கு லயத்துப் படிகளில் ஏறினாலே மூச்சு வாங்கும். பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தீங்களா, சொந்த அக்கா கையாலயே அடுத்த வீட்டுக்குப் போயிருக்கு. இதுக்கு மேல என்னா நாயம் வேணும்?"

ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. நான் எழுத வேண்டியது ஒரு எண்தான். எழுதியிருந்தால் அந்தத் தோட்டத்தில் இன்றுவரை என்னைப்போல் நல்லவள் கிடையாது.

"அக்கா, கொஞ்சம் நில்லு," என்றேன். "கண்ண மூடிக்க."

பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கட்டைவிரல் அதன் மேல் ஒருமுறை ஓடியது.

"ரெண்டு," என்றாள் தயங்கி.

இன்னொன்று. "ஒம்பது." இன்னொன்று. "ஏழு."

கூட்டம் ஆரவாரித்தது. "முத்தலையும் கொழுந்தையும் பாக்காமலே பிரிக்கிற வெரலு, இது பெரிசா?" என்றாள் ஒருத்தி. "நாஞ் சொல்லவா? எங்கிட்டக் குடு!" என்றாள் இன்னொருத்தி. அவர்களுக்குப் பெருமை. நான் என் பட்டியலைப் பார்த்தேன். முன்பு எழுதிய பதினோரு எண்களில் ஐந்து, எடுத்தவளின் சொந்த லயத்துக்கே விழுந்திருந்தன. பத்து லயம் இருக்கும் தோட்டத்தில் ஒன்றோ இரண்டோ அப்படி விழலாம். என் விரல்களால் அந்தக் கீறல்களைப் படிக்க முடியாது. பன்னிரண்டு வருடம் பேனா பிடித்த விரல்கள். அதனால்தான் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, ஏழு கையில பட்டுச்சா?"

அவள் தரையைப் பார்த்தாள். "பட்டுச்சு. விட்டுட்டேன். ஒம் பேரு கெட்டுறக் கூடாதுன்னு."

என்ன நடக்கப்போகிறது என்று மற்றவர்களைவிட முதலில் பவளத்துக்குப் புரிந்துவிட்டது.

"விட்டா விட்டதுதானே," என்றாள். "அவ மனசார விட்டா. எனக்கு விழுந்தது விழுந்ததுதான்."

"இல்ல பவளக்கா. விழல. அவ தெரிஞ்சு எடுத்திருக்கா. இந்தப் பன்னெண்டுமே செல்லாது. மொதல்லருந்து எடுக்கணும்."

"எம் புள்ளைக்கு வந்ததும் செல்லாதா?"

தலைவர் என் பக்கம் குனிந்து, "எதுக்கும்மா கிளறுறீங்க? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க," என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் விரும்பி எடுத்தாலும் விரும்பி விட்டாலும் அங்கே ஒரு மனம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து மாத்திரை வேலை செய்கிறது என்று நாங்கள் சொன்னால், வேறு யாராவது வந்து ஒரு கேள்வியில் அதை உடைத்துவிடலாம். அப்புறம் தொண்ணூற்றெட்டு வீட்டுக்கும் இல்லை.

விரல் படாத வழி வேண்டும். யாரோ ஒரு குறுகிய கழுத்துச் செம்பைக் கொண்டுவந்தார்கள். பத்துப் பொத்தான்களையும் அதில் போட்டு, குலுக்கிக் கவிழ்த்தால் ஒவ்வொன்றாகத்தான் விழும். முதலில் விழுவதே இலக்கம். முதலில் ஐம்பது தடவை சும்மா குலுக்கிக் கவிழ்த்து, விழுந்ததை எல்லாம் குறித்துப் பார்த்தேன். எதுவும் விழாமல் ஒளிந்துகொள்ளவில்லை, எதுவும் அடிக்கடி முந்திக்கொள்ளவும் இல்லை. பனிக்குள் செம்பின் சத்தம் தூரத்துக் கோயில் மணிபோல் கேட்டது. அந்த ஐம்பது தடவையும் பவளம் என் எதிரே நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு உண்மையான குலுக்கல். தலைவரே குலுக்கினார். ஆறு எண்கள் வந்தன. ஏழாவதற்கு முதலில் மூன்று விழுந்தது. திரும்பப் போட்டுக் குலுக்கினார், கவிழ்த்தார். கறுப்புப் பொத்தான் தரையில் விரித்திருந்த சாக்கின்மேல் விழுந்து ஒருமுறை சுழன்று படுத்தது.

ஏழு.

பின்னாலிருந்து ஒரு குரல், நீட்டி, "ஓகோ" என்றது.

"எழுதாத ராணி," என்றாள் அக்கா.

என் பேனா தாளின்மேல் நின்றது. அது அதிசயம் இல்லை என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டில் இருபது என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு, பவளத்துக்கும் அதேதான். ஆனால் அந்தக் களத்தில் ஐந்தில் ஒன்று என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சரியாக வந்திருந்த பன்னிரண்டை அழித்துவிட்டு, தன் அக்காவுக்கு வரும்வரை குலுக்கினாள். அவர்கள் கண்ணால் கண்டது அதுதான்.

"எழுதாதன்னு சொல்றேன்ல! ஊரு வாயில நான் விழணுமா?"

"விழுந்தத எழுதணும்க்கா."

"எம் புள்ள ஆறு மாசம் பொறுக்கும்டி."

"பொறுக்கும். ஆனா இப்ப வந்துருச்சே."

முப்பத்தேழு என்று எழுதினேன். இன்னும் பதின்மூன்று எண்கள் இருந்தன. ஒவ்வொரு முறை செம்பு கவிழும்போதும் பவளம் ஓரடி முன்னால் வந்தாள். இரண்டு முறை மூன்று முதலில் விழுந்தது. அதையடுத்து ஒருமுறை ஒன்று, ஒருமுறை எட்டு. முப்பத்துநான்கு வரவே இல்லை. கடைசி எண்ணுக்குப் பிறகு அவள் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகும்போது என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், விசாரிப்பதுபோல் சொன்னாள்:

"ஒங்கக்கா விட்டத நீ புடிச்சுக் குடுத்துட்ட."

அவள் உருவம் பனிக்குள் போய்க் கரைந்த பிறகும் அந்தப் பையனின் கால்கள் இரண்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

அறிக்கையில் நான் எழுதியது இதுதான்: முதல் குலுக்கல் கைவிடப்பட்டது; பொத்தான்களை விரலால் அடையாளம் காண முடிந்தது; இரண்டாவது குலுக்கல் செம்பினால் நடந்தது; குலுக்கலை நடத்தியவரின் சகோதரி வீடு தெரிவாயிற்று. கடைசி வரியை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிரிவுத் தலைவர் அதை வாசித்துவிட்டு, "இது தேவையா?" என்று கேட்டார். தேவை என்றேன்.

தங்கைகளே, அன்றைய முதலாவது பட்டியல் என்னை நல்லவளாகக் காட்டியது. இரண்டாவது அப்படிக் காட்டவில்லை. நாம் அனுப்ப வேண்டியது இரண்டாவது. கணனி தரும் பட்டியலைப் பார்த்து, இது கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை அழுத்துவோம் என்று உங்களுக்குத் தோன்றும் நாள் வரும். அந்த இன்னொரு அழுத்தில் பைக்குள் கை போய்விடுகிறது. மறுபடி எடுக்க வேண்டுமென்றால், எடுக்கும் முறையில் குற்றம் காட்ட முடிய வேண்டும். வந்த எண் பிடிக்கவில்லை என்பது குற்றமாகாது.

ஆறு மாதத்தில் இருபது வீட்டுப் பிள்ளைகளின் கண்ணிமை சிவந்தது. அக்காவின் மகள் சுவரை விட்டுவிட்டுச் சோற்றுக்கு அழ ஆரம்பித்தாள். டாக்டர் கேட்டதுபோலவே மீதி வீடுகளுக்கும் மருந்து வந்தது. லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முப்பத்துநான்காம் காம்பராவுக்கு நான்தான் போனேன்.

பவளம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் உள்ளே படுத்திருந்தான். நான் பொட்டலத்தை நீட்டினேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"இதுக்கும் செம்பு குலுக்கணுமா?"

"இல்லக்கா. இப்ப எல்லாருக்கும் உண்டு."

அவள் இன்னும் இரண்டு தடவை புடைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கினாள்.

"காலையிலயா, ராவைக்கா?"

"காலையில. சாப்பிட்டப்புறம்."

"எத்தன?"

"ஒண்ணு."

"டேய், எந்திரி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். எழுந்து வாசலுக்கு வந்த அந்தப் பையன், ஆறு எட்டு எடுத்துவைத்ததற்கே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான்.